வீடு வாங்கும் முன்: எது தேவை, எது ஆசை?

வாசகர் கேள்வி – பதில்

கே: நான் கிண்டியில் வேலை பார்க்கிறேன், கணவருக்கு சோழிங்கநல்லூரில் ஆபீஸ். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு, சின்னவன் நான்காம் வகுப்பு. மாமியாருக்கு 68 வயது. ஓ.எம்.ஆரில் நீச்சல் குளம், ஜிம் எல்லாம் உள்ள பெரிய வளாகத்தில் ஃபிளாட் வாங்கலாம் என்கிறார் கணவர். பள்ளிக்கூடமும் ரயில் நிலையமும் பக்கத்தில் இருந்தால் எனக்குப் போதும். ஆறு மாதமாக அலைகிறோம். ஒருவருக்குப் பிடிப்பது இன்னொருவருக்குப் பிடிப்பதில்லை. எப்படி முடிவெடுப்பது?
– வாசகி, குரோம்பேட்டை

ப: முதலில் வீடு பார்ப்பதை இரண்டு வாரம் நிறுத்துங்கள். ஆறு மாதம் பார்த்தும் முடிவாகவில்லை என்றால் வீடு கிடைக்கவில்லை என்று அர்த்தமில்லை. என்ன வேண்டும் என்பது இன்னும் வீட்டுக்குள்ளேயே பேசி முடிக்கப்படவில்லை.

ஆளுக்கு ஒரு தாளை எடுத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் கேட்காமல் வேண்டியதையெல்லாம் எழுதுங்கள். மாமியாரிடமும் மகளிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வரியையும் இரண்டு கேள்விகளால் சோதியுங்கள். இது இல்லாமல் இப்போது இருக்கும் வீட்டில் தினமும் சிரமப்படுகிறோமா? வீடு வாங்கிய பிறகு காசு செலவழித்து இதைச் சேர்த்துக்கொள்ள முடியுமா?

தினமும் சிரமம் தருவது, பின்னால் சேர்க்கவும் முடியாதது என்றால் அது தேவை. காலை ஏழு மணிக்கு ஐந்து பேர் ஒரே பாத்ரூமுக்குக் காத்திருக்கிறீர்களா? இரண்டாவது பாத்ரூம் தேவை. அடுக்குமாடியில் அதைப் பின்னால் கட்டிக்கொள்ள வழியில்லை. மாடுலர் கிச்சன், அலமாரி, ஃபால்ஸ் சீலிங், தரை டைல்ஸ் எல்லாம் பின்னால் செய்யலாம். அவற்றைப் பார்த்து மயங்கி, மாற்றவே முடியாத விஷயங்களில் விட்டுக்கொடுப்பதுதான் பலர் செய்கிற தப்பு. தெருவின் அகலம், தண்ணீர், ஜன்னல் வழியே வரும் வெளிச்சம், காற்று, லிஃப்ட், மேலே யார் இருக்கிறார்கள், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பவையெல்லாம் வாங்குகிற அன்று எப்படியோ, பெரும்பாலும் கடைசி வரை அப்படித்தான்.

உங்கள் பட்டியலில் இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். ஒவ்வொரு தேவைக்கும் ஓர் ஆயுசு உண்டு. மகளுக்குப் பள்ளி இன்னும் நான்கு வருடம், மகனுக்கு ஒன்பது வருடம். கடன் 20 வருடம். பள்ளிக்குப் பக்கத்தில் என்பது உண்மையான தேவைதான், ஆனால் கடன் முடிவதற்கு வெகுகாலம் முன்பே அது முடிந்துவிடும். மாமியாரின் தேவை நேர்மாறானது. இன்று படியேறுகிறவர் 75 வயதில் ஏறுவாரா? லிஃப்ட், மருத்துவமனைக்குப் போகும் தூரம், பக்கத்தில் பேச நாலு பேர் என்பவை வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'எத்தனை வருடத்துக்கு' என்று ஓர் எண் எழுதுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

நீச்சல் குளத்துக்கு வருவோம். அது ஆசை, ஆசைப்படுவதில் தப்பில்லை. அதன் விலையைத் தெரிந்துகொண்டு ஆசைப்பட வேண்டும், அவ்வளவுதான். 1,150 சதுர அடி ஃபிளாட்டுக்குப் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 4 ரூபாய் என்றால் மாதம் 4,600, வருடத்துக்கு 55,200. குளம், ஜிம் இல்லாத சின்ன அபார்ட்மென்ட்டில் 2 ரூபாய் என்றால் இதில் பாதி. நீங்கள் குளத்தில் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் இதைக் கட்டித்தான் ஆக வேண்டும். வாரத்துக்கு எத்தனை நாள் இறங்குவோம் என்று உங்கள் கணவரே எழுதட்டும்.

பயணத்தைப் பேச்சில் தீர்க்காதீர்கள், போய்ப் பாருங்கள். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நீங்கள் பார்க்கும் ஓ.எம்.ஆர். வளாகத்திலிருந்து கிண்டிக்குக் கிளம்புங்கள். அதே நாள் கணவர் குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் ரோடு வழியாகச் சோழிங்கநல்லூர் போகட்டும். மழை நாளில் ஒரு மாலையும் பாருங்கள். மெட்ரோ வரப்போகிறது என்று விற்பவர் சொல்வார். வேலை நடப்பது உண்மை. ஆனால் இன்றைய நேரக் கணக்கில் இன்று ஓடும் ரயிலை மட்டும் சேருங்கள்.

கடைசியில் ஐந்தே ஐந்து தேவைகளை ஓர் அட்டையில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்த வீட்டுக்குள் நுழையவே வேண்டாம். ஆசைகளில் எத்தனை கிடைக்கிறதோ அத்தனை லாபம்.

கே: 1,150 சதுர அடி, இரண்டு படுக்கையறை என்று விளம்பரம். போய்ப் பார்த்தால் சின்னதாகத் தெரிகிறது. எங்களுக்கு எத்தனை சதுர அடி தேவை என்று எப்படிக் கணக்கிடுவது?
– வாசகர், ஆவடி

ப: நீங்கள் நடமாடும் இடம் எவ்வளவு என்பதற்கு ஒரே அளவு கார்ப்பெட் ஏரியா. 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் இதைத் தெளிவாகவே வரையறுக்கிறது. வெளிச்சுவர், குழாய்கள் போகும் ஷாஃப்ட், பால்கனி, திறந்த மாடி எதுவும் இதில் சேராது. உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும். உங்கள் 1,150-ஐப் பிரித்தால் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: கார்ப்பெட் 810, பால்கனி 45, வெளிச்சுவர் 75, மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை போன்ற பொது இடத்தில் உங்கள் பங்கு 220.

ஆகவே விலையைக் கார்ப்பெட்டால் வகுத்துப் பாருங்கள். 1,150 சதுர அடி, அடி 6,500 ரூபாய் என்றால் மொத்தம் 74,75,000. அதை 810-ஆல் வகுத்தால் நீங்கள் புழங்கும் ஓர் அடிக்கு 9,228 ரூபாய். இன்னொரு இடத்தில் 1,080 சதுர அடி, அடி 6,900 என்கிறார்கள். கார்ப்பெட் 840 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 74,52,000, கார்ப்பெட் அடிக்கு 8,871. அதிக ரேட் போலத் தெரிந்த வீட்டில்தான் இடம் கூடுதல், விலை குறைவு.

ஆனால் சதுர அடி எண்ணை வைத்து ஒரு வீடு போதுமா என்று தீர்மானிக்க முடியாது. இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். டேப், கொஞ்சம் கோலமாவு, வரைபடம் மூன்றையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள். படுக்கையறை 10 x 11 அடி என்றால் அதே அளவில் தரையில் கோடு போடுங்கள். கட்டில் 5 x 6½ அடி, அலமாரி ஆழம் 2 அடி. கட்டிலின் தலைமாட்டை ஒரு சுவரில் வைத்து, எதிர்ச் சுவரில் அலமாரி வையுங்கள். 10 அடிப் பக்கமாகப் போட்டால் கட்டில் 6½, அலமாரி 2 போக மிச்சம் 1½ அடி. அலமாரிக் கதவே ஏறக்குறைய 1½ அடி. திறந்தால் கட்டிலில் இடிக்கும், ஆள் நிற்க இடமில்லை. 11 அடிப் பக்கமாகத் திருப்பினால் மிச்சம் 2½ அடி, அது போதும். ஆனால் அந்தச் சுவரில் ஜன்னலோ பாத்ரூம் கதவோ இருந்தால் திருப்ப முடியாது. இது வரைபடத்தை வெறுமனே பார்த்தால் தெரியாது, கோட்டுக்குள் நடந்தால்தான் தெரியும்.

வரைபடத்து அளவு பூச்சுக்கு முன்னதா, பின்னதா என்றும் கேளுங்கள். இரு பக்கச் சுவர்ப் பூச்சும் சேர்ந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் தின்னும். சில மாடல் ஃபிளாட்டுகளில் உள்கதவுகள் மாட்டாமலே வைத்திருப்பார்கள், கட்டிலும் சிறிதாக இருக்கும். அங்கே கண்ணை நம்ப வேண்டாம்.

சமையலறையில் கிரைண்டர், மிக்ஸி, அடுப்பு, ஃபிரிட்ஜ் நான்கும் எங்கே, எந்த பிளக்கில் என்று வரைந்து பாருங்கள். வாஷிங் மெஷினுக்கும் துணி காயப்போடுவதற்கும் சர்வீஸ் ஏரியா இல்லாத வீட்டில் பால்கனி அதற்கே போய்விடும். அங்கே நாற்காலி போட்டு காபி குடிக்கும் கனவைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

கே: மாதம் கைக்கு 1,10,000 வருகிறது. சேமிப்பு 22 லட்சம். 60 லட்சம் வரை கடன் கிடைக்கும் என்கிறது வங்கி. 75 லட்சத்தில் வீடு பார்க்கலாமா?
– வாசகர், திருவள்ளூர்

ப: வேண்டாம், 60 லட்சத்தில் பாருங்கள்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவு இந்த மதிப்பில் சேராது. 75 லட்சம் வீட்டுக்குக் கடன் 60 லட்சம். உங்கள் கையிலிருந்து 15 லட்சம். தமிழ்நாட்டில் கட்டுநரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் ஃபிளாட்டுக்கு, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 7 சதவீதம், அதாவது 5,25,000. ஆக 20,25,000 போய்விட்டது. மிச்சம் 1,75,000. அதில் ஃபேன், லைட், அலமாரி, ஜன்னல் வலை, வக்கீல் கட்டணம், சங்கத்தின் வைப்புநிதி, வீடு மாற்றும் செலவு எல்லாம் அடங்க வேண்டும். 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் ஈ.எம்.ஐ. ஏறக்குறைய 52,070. சம்பளத்தில் பாதிக்குச் சற்றே குறைவு.

60 லட்சம் வீட்டுக்குக் கடன் 48 லட்சம், ஈ.எம்.ஐ. சுமார் 41,660. கையிலிருந்து 12 லட்சம், பதிவுக்கு 4,20,000, உள்வேலைகளுக்கு 3 லட்சம். மிச்சம் 2,80,000, ஆறு மாத ஈ.எம்.ஐ.க்குச் சற்று மேல். அந்தப் பணத்தை எந்த டைல்ஸுக்கும் தொடக்கூடாது. வட்டி ஒரு சதவீதம் ஏறினால் ஈ.எம்.ஐ. சுமார் 3,100 ரூபாய் கூடும் என்பதையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் என்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. 45 லட்சத்துக்குள், பெருநகரங்களில் கார்ப்பெட் 60 சதுர மீட்டருக்குள் இருந்தால் 1 சதவீதம். நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 60 லட்சத்துக்கு 5 சதவீதம் 3 லட்சம். மேலே சொன்ன கையிருப்பு அப்படியே கரைந்துவிடும். அதனால் உங்களைப் பொறுத்தவரை 'கட்டி முடித்த வீடு' என்பது தேவைப் பட்டியலில் வர வேண்டும். வீடு கட்டி முடியும் வரை வாடகையும் ஈ.எம்.ஐ.யும் சேர்ந்து கட்ட வேண்டியிருக்காது என்பது இன்னொரு லாபம்.

கே: அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 67. லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி ஃபிளாட் ஆறு லட்சம் குறைவாக வருகிறது. எடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

ப: எடுக்காதீர்கள். ஆறு லட்சத்தை மிச்சம் பிடித்து அம்மா அப்பாவை வீட்டுக்குள் முடக்குவதாகிவிடும். முழங்கால் வலி வந்தபின் கோயிலும் கடையும் குறையும், அப்புறம் டாக்டரிடம் போவதையே தள்ளிப்போடுவார்கள்.

லிஃப்ட் இருக்கிறது என்று கேட்டதோடு நிற்க வேண்டாம். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா, அல்லது பொது விளக்கு மட்டும் எரியுமா? லிஃப்டுக்கு முன்னால் இரண்டு படி இருக்கிறதா? வழக்கமான எட்டுப் பேர் லிஃப்டின் ஆழம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல்தான். ஸ்ட்ரெச்சரைப் படுக்கவைத்தபடி உள்ளே கொண்டுபோக முடியாது. அப்படிப்பட்ட கட்டடத்தில் படிக்கட்டின் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்று டேப் வைத்துப் பாருங்கள். முடிந்தால் முதல் மாடியே எடுங்கள்.

பாத்ரூம் கதவை அளக்காமல் வந்துவிடாதீர்கள். நிலையின் வெளியளவு இரண்டரை அடி என்றால், இரு பக்கச் சட்டமும் திறந்து நிற்கும் கதவின் தடிமனும் போக, உள்ளே போகும் வழி இரண்டு அடிக்கே வந்துவிடும். சக்கர நாற்காலியின் அகலம் சாதாரணமாக இரண்டு அடி இரண்டு அங்குலம். அந்த இரண்டு அங்குலத்தால் ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய நிலை வரும். புதுக் கட்டடம் என்றால் பூச்சுக்கு முன்பே அந்த ஒரு பாத்ரூமுக்கு மட்டும் மூன்று அடி நிலை வைக்கச் சொல்லுங்கள். வாசல்படி உயரம், வழுக்காத டைல்ஸ், பிடித்துக்கொள்ளும் கம்பி எல்லாம் பின்னால் சரிசெய்யலாம். கம்பி மாட்ட மட்டும் கமோடுக்குப் பக்கத்தில் உறுதியான சுவர் இருக்க வேண்டும்.

கே: தண்ணீர் நிற்கும் இடமா என்று தெரிந்துகொள்வது எப்படி? விற்பவர் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.
– வாசகர், சேலையூர்

ப: இது பேரம் பேசக்கூடாத தேவை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நின்ற தண்ணீரை எல்லோரும் பார்த்தோம்.

விற்பவரை விட்டுவிட்டு, தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரையும் மளிகைக் கடைக்காரரையும் ஆட்டோ ஸ்டாண்டிலும் கேளுங்கள். 'தண்ணி வருமா?' என்று கேட்காமல், '2015-ல் எதுவரைக்கும் வந்துச்சு?' என்று கேளுங்கள். முழங்காலா, இடுப்பா என்று கையாலேயே காட்டுவார்கள். பழைய காம்பவுண்டு சுவர்களில் ஒரே உயரத்தில் நீளமாகக் கறை ஓடுகிறதா? பக்கத்து வீடுகளில் மீட்டர் பெட்டியையும் கீழ்த்தள பிளக்குகளையும் உயரத்துக்கு மாற்றியிருக்கிறார்களா? புது ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டியிருக்கிறதா? கார் நிறுத்துமிடம் ரோட்டைவிடத் தாழ்ந்திருந்தால் மழைநீர் முதலில் அங்கேதான் இறங்கும். சம்ப்பும் மோட்டாரும் அதே மட்டத்தில் இருந்தால் அந்த வாரம் குடிதண்ணீரும் போச்சு.

பிறகு காகிதம். சர்வே எண்ணை வைத்து தமிழக அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் அ-பதிவேட்டைப் பாருங்கள். சர்வே எண் ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தாலோ, புலப்பட வரைபடத்தில் மனையை ஒட்டி வாய்க்கால் போனாலோ திரும்பி வந்துவிடுங்கள்.

கோடைத் தண்ணீரையும் கேளுங்கள். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. 24 ஃபிளாட், வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 12,960 லிட்டர். போர் வற்றினால் 12,000 லிட்டர் லாரி தினமும் ஒன்று வந்தும் கொஞ்சம் பற்றாது. சங்கத்தின் ஏப்ரல், மே மாத லாரித் தண்ணீர் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். போர் தண்ணீரின் டி.டி.எஸ்.ஸை, அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை, ஒரு சின்ன மீட்டரில் நீங்களே பார்க்கலாம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. அதைத் தாண்டினால் குழாய், ஹீட்டர் எல்லாவற்றிலும் உப்புப் படியும்.

கே: தெற்குப் பார்த்த வீடு நல்ல விலைக்கு வருகிறது. வீட்டில் வாஸ்து தயக்கம்.
– வாசகர், மதுரை

ப: வீட்டில் ஒருவருக்கு அது நெருடும் என்றால், அதைத் தேவையாகவே எழுதிவிடுங்கள். குடிபோனபின் வரும் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வாசலைக் குறை சொல்லும் பேச்சு வேண்டாமே. தயக்கம் இல்லையென்றால் தெற்கு வாசலால் பாதகமில்லை. எந்த அறையின் சுவர் மேற்கு வெயிலை வாங்குகிறது என்று பாருங்கள். மாலை முழுக்கச் சுட்ட சுவர் இரவு பத்து மணிக்கும் வெப்பத்தை விடும். மேல்மாடியில் மேற்கு மூலைப் படுக்கையறை என்றால் மாலை ஆறு மணிக்குப் போய் சுவரில் கையை வைத்துப் பாருங்கள்.

கே: 25 வருடப் பழைய ஃபிளாட், 900 சதுர அடி, யு.டி.எஸ். 520. அதே விலையில் புது ஃபிளாட்டில் யு.டி.எஸ். 260. எது மேல்?
– வாசகர், அசோக் நகர்

ப: கட்டடம் தேயும், நிலம் தேயாது. பிரிக்கப்படாத பாகமான யு.டி.எஸ்.தான் உங்கள் நிலம். பத்திரத்தில் அந்த எண் இருக்கிறதா, எல்லா ஃபிளாட்டின் எண்களையும் கூட்டினால் மொத்த மனை வருகிறதா என்று பாருங்கள். இரண்டு கிரவுண்டு என்றால் 4,800 சதுர அடி வர வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் வைத்திருப்பீர்கள், பழுது பார்க்கக் கையில் பணமும் இருக்கிறது என்றால் பழையது நல்லது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்ட வழி இருக்கிறது.

ஆனால் பாத்ரூம் சீலிங்கில் கான்கிரீட் உதிர்ந்து துருக்கம்பி தெரிந்தால், தூண்களில் நெடுக்காக விரிசல் ஓடினால், விலை பேசும் முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை அழைத்துப் போங்கள். மறுவிற்பனைக்குப் பதிவுச் செலவு 9 சதவீதம் என்பதையும் சேருங்கள். பழைய கட்டடத்துக்கு வங்கி கடன் காலத்தைக் குறைக்கவும் கூடும். முதலில் அதைக் கேட்டுவிடுங்கள்.

கே: எல்லாத் தேவையும் பொருந்திய வீடு ஒன்று கிடைத்துவிட்டது. இன்றே ஒரு லட்சம் டோக்கன் கொடுக்காவிட்டால் வேறு பார்ட்டிக்குப் போய்விடும் என்கிறார்கள்.
– வாசகி, கோவை

ப: அவசரத்தை அவர்கள் உண்டாக்குகிறார்கள். புது ஃபிளாட் என்றால் அன்று மாலையே ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான தமிழ்நாடு ரெராவின் தளத்தில் பதிவு எண்ணைத் தட்டிப் பாருங்கள். ஒப்பந்தம் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். பழைய வீடு என்றால் பதிவுத்துறை தளத்தில் 30 வருட வில்லங்கம் பாருங்கள்.

கொடுப்பதானால் காசோலையாகவோ வங்கி வழியாகவோ, வீட்டு உரிமையாளர் பெயருக்கே கொடுங்கள். தரகர் கையில் ரொக்கம் வேண்டாம். ரசீதில் கதவு எண், சர்வே எண், பேசிய மொத்த விலை மூன்றும் இருக்கட்டும். கூடவே ஒரு வரி: 'வக்கீல் கருத்தில் பத்திரக் குறை தெரிந்தாலோ, வங்கி கடன் மறுத்தாலோ, முன்பணம் முழுவதும் 15 நாளில் திருப்பித் தரப்படும்.' அந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போட மறுத்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.